எட்டு நூல் கோன், ஒரு பறக்கும் தட்டு... பல்லடத்துக்கு வருமா ஃப்ரிஸ்பி?

திருப்பூரில் பல்லடம் பஸ் ஏறினால் 15 கிலோமீட்டர்தான். வீரபாண்டி, அருள்புரம் தாண்டும்வரை சாலையின் இரண்டு பக்கமும் பனியன் கம்பெனி, டையிங், பிரின்டிங் என்று போர்டுகள் வந்துகொண்டே இருக்கும். பல்லடத்தை நெருங்க நெருங்கச் சத்தம் மாறும். தையல் மெஷினின் 'விர்ர்' குறைந்து, விசைத்தறியின் 'டக்... டக்...' காதில் விழும்.

பல்லடத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, தறி. ஜவுளி உற்பத்தியாளர்கள் பாவும் நூலும் தருவார்கள். விசைத்தறிக்காரர்கள் அதைக் காடா துணியாக நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார்கள். அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லி 2022-லும் 2025-லும் தறிகளை வாரக்கணக்கில் நிறுத்திப் போராடினார்கள். இரண்டாவது, கறிக்கோழி. பண்ணைக் கொள்முதல் விலை பேப்பரில் வருவதே பல்லடத்தின் பெயரில்தான். மூன்றாவது, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்றொரு வாசல் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக நுழைந்து நேராக இந்தப் பக்கம்தான் வரும். கேத்தனூர் பக்கம் போனால் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

விளையாட்டுக்கும் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால், சைட் போட்டு இன்னும் வீடு கட்டாத காலி மனைகளில் கிரிக்கெட் நடக்கும். ஊர்த் திருவிழாவில் கபடியும் வாலிபாலும் உண்டு. ரேக்ளா பந்தயம் என்றால் கூட்டம் தனியாகக் கூடும்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு விளையாட்டு, காசில்லாத கல்லூரி மாணவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. அதன் பெயர் அல்டிமேட் ஃப்ரிஸ்பி. கடற்கரையில் குழந்தைகள் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் அதே பிளாஸ்டிக் தட்டுதான். அதை வைத்துக்கொண்டு சென்னையின் ஒரு மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் செய்து காட்டியதைப் பல்லடத்தில் செய்ய முடியுமா? என்ன செலவாகும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் கிடைக்கிறது.

10 எண்ணுவதற்குள் வீச வேண்டும்!

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். ஓர் அணிக்கு 7 பேர். மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரண்டு முனைகளிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கட்டம். எதிரணி காக்கும் கட்டத்துக்குள் நின்று, தன் அணிக்காரர் வீசும் தட்டைப் பிடித்துவிட்டால் ஒரு பாயின்ட். பொதுவாக 15 பாயின்ட் எடுக்கும் அணி ஜெயிக்கும்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. பிடித்த இடத்தில் ஒரு காலை ஊன்றி, மறு காலை மட்டும் நகர்த்தி, அடுத்தவருக்கு வீச வேண்டும். அதற்குக் கிடைப்பது 10 விநாடி. எதிரே நிற்பவர் சத்தமாக எண்ணிக்கொண்டே இருப்பார். அவர் 10 என்று சொல்லத் தொடங்குவதற்குள் வீசாவிட்டால் தட்டு எதிரணிக்குப் போய்விடும். வீசிய தட்டு தரையில் விழுந்தாலும், கோட்டுக்கு வெளியே போனாலும், எதிரணி தட்டிவிட்டாலும் அப்படியே.

கபடியில் பாட்டு நிற்கக் கூடாது என்பதுபோல, இங்கே எண்ணிக்கை நிற்காது. கபடிக்காரர்களுக்கும் எறிபந்து ஆடிய பெண்களுக்கும் இந்த ஆட்டம் பார்த்த உடனே பிடிபடும்.

போட்டிகளுக்கான தட்டின் எடை 175 கிராம், விட்டம் சுமார் 27 சென்டிமீட்டர். கடைத்தெருவில் விற்கும் மெல்லிய தட்டு காற்றில் ஆடும். இது ஆடாது. கட்டைவிரல் மேலே, மற்ற நான்கு விரல்களும் அடியில். கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய், மணிக்கட்டைச் சுண்டி வீச வேண்டும். கை பலத்தைவிட அந்தச் சுண்டலே முக்கியம். தட்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு நிதானமாகப் பறக்கும். பம்பரத்துக்கு உள்ள அதே விதிதான்.

கார் நிறுத்துமிடத்தில் பிறந்த ஆட்டம்

ஃப்ரிஸ்பி என்ற பெயர் வந்த வழியே சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 'ஃப்ரிஸ்பி' என்றொரு பை தயாரிக்கும் கம்பெனி இருந்தது. பையைத் தின்றுவிட்டு அதன் தகரத் தட்டை வீசி விளையாடுவது அந்தப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களின் பொழுதுபோக்கு. வால்டர் ஃபிரெடெரிக் மாரிசன் என்பவர் பிளாஸ்டிக்கில் ஒரு பறக்கும் தட்டைச் செய்தார். 1957-ல் 'வாம்-ஓ' நிறுவனம் அதை விற்கத் தொடங்கி, பிறகு ஃப்ரிஸ்பி என்று பெயர் வைத்தது. இன்றும் அது ஒரு பிராண்டின் பெயர். அதனால்தான் உலக அமைப்பு 'பறக்கும் தட்டு' என்ற பொதுப் பெயரைப் பயன்படுத்துகிறது.

1968-ல் நியூ ஜெர்சியின் மேப்பிள்வுட் ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர் கூட்டத்தில் ஜோயல் சில்வர் என்ற மாணவர், 'பள்ளியில் ஃப்ரிஸ்பியைச் சேர்க்க வேண்டும்' என்று பாதி விளையாட்டாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்த ஜோயல் சில்வர்தான் பிற்காலத்தில் 'டை ஹார்ட்', 'தி மேட்ரிக்ஸ்' படங்களைத் தயாரித்தவர். மாணவர்கள் ஆடியது பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில். அங்கே விளக்கு இருந்தது, இரவிலும் ஆடலாம்.

1972 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே முதல் கல்லூரி ஆட்டம் நடந்தது. அதுவும் கார் நிறுத்துமிடத்தில்தான்! ரட்கர்ஸ் 29-27 என்று ஜெயித்தது. 1975-ல் யேல் பல்கலைக்கழகத்தில் 8 கல்லூரி அணிகள் கூடி முதல் பெரிய போட்டியை நடத்தின. அதிலும் ரட்கர்ஸுக்கே வெற்றி.

இன்றைக்கும் அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலான அல்டிமேட் அணிகள் மாணவர்களே நடத்தும் கிளப்கள். கூடைப்பந்து அணிக்குக் கிடைக்கும் பணம், பயிற்சியாளர், பஸ் எதுவும் இவர்களுக்குக் கிடையாது. மாணவர்களே சந்தா போட்டு, கேக்கும் டி-ஷர்ட்டும் விற்று, நாலு பேர் ஒரு காரில் அடைத்துக்கொண்டு போட்டிக்குப் போவார்கள்.

சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். சமுதாயக் கல்லூரி என்றால், குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடம் படித்து, வேலைக்கோ மேல்படிப்புக்கோ போக வழிசெய்யும் கல்லூரி. 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய ஜோலியட் கல்லூரியை இதற்கு முன்னோடி என்பார்கள். இந்தியாவில் 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இந்த முறையைத் தொடங்கியது. இங்கே படிப்பவர்கள் பலரும் ஹாஸ்டலில் இருப்பவர்கள் இல்லை. வீட்டிலிருந்து வருவார்கள், வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடுவார்கள். ஒருவர் தட்டை நன்றாக வீசக் கற்றுக்கொள்ளும்போது அவருடைய படிப்பே முடிந்திருக்கும். அணி ஒவ்வொரு வருடமும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பல்லடத்துக்கு இது புதுக் கதை இல்லை. இந்த வட்டாரத்தின் அரசுக் கல்லூரிகளில் படிக்கும் பலரும் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவர்கள். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் கம்பெனியில் செக்கிங்கோ, கைமடியோ, பேக்கிங்கோ என்று ஓடும் பிள்ளைகளை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஊரூர் குப்பத்து மணல்

திருப்பூரில் இரவு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து பெசன்ட் நகர். எலியட்ஸ் பீச்சில் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி வடக்கே, அடையாறு ஆறு கடலில் சேரும் பக்கமாக நடந்தால் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம். படகும் வலையும் மீன் கூடையுமாக இருக்கும் மீனவர் குடியிருப்பு. சற்றுத் தள்ளி ஆற்றின் குறுக்கே பாதியில் நிற்கும் உடைந்த பாலம். சினிமாவில் பலமுறை பார்த்திருப்பீர்கள்.

தமிழ்நாட்டில் அல்டிமேட் வேர்விட்டது இந்தக் கடற்கரை மணலில்தான். மணலில் ஆடும் வகைக்கு ஓர் அணிக்கு 5 பேர் போதும். மைதானமும் சிறியது, 75 மீட்டருக்கு 25 மீட்டர். செருப்புகூட வேண்டாம். விழுந்தாலும் அடிபடாது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் ஆடத் தொடங்க, வேடிக்கை பார்த்த குப்பத்துப் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். 'புதியதோர்' என்ற தொண்டு நிறுவனம், பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் மையங்களை நடத்துகிறது. அது இந்த விளையாட்டையும் பாடத்தோடு சேர்த்துக்கொண்டது.

அந்தக் கடற்கரையில் உருவான அணிகளில் ஒன்று 'ஃப்ளை வைல்ட்'. குப்பத்துப் பிள்ளையும் ஆங்கிலம் பேசும் அபார்ட்மென்ட் பிள்ளையும், ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடினார்கள். பரத் மிர்லே, அரவிந்த் ஐயர் இருவரும் இந்த அணியைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார்கள். பெயர் '175 கிராம்ஸ்'. ஆம், தட்டின் எடைதான் படத்தின் பெயர். 2015-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அந்தப் படம் திரையிடப்பட்டது.

அதே 2015-ல் துபாயில் நடந்த உலகக் கடற்கரை அல்டிமேட் போட்டிக்கு இந்திய அணி போனது. 2018-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 24 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியிலும் இந்தியா ஆடியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாட்டுக்காக ஆடப் போகிறவர்களும் பெரும்பாலும் விமான டிக்கெட்டுக்குத் தாங்களேதான் பணம் புரட்ட வேண்டும். இணையத்தில் நன்கொடை திரட்டுவார்கள். தெரிந்தவர்களிடம் கேட்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது சிரமம். மீன் விற்கும் அம்மாவின் பிள்ளைக்கு அது மலை. பாஸ்போர்ட் எடுப்பதற்கான அலைச்சலே பெரிய வேலை. தட்டு எல்லோருக்கும் ஒரே எடைதான். தட்டைத் தாண்டிய செலவுதான் ஆளுக்கு ஆள் கனக்கிறது.

அம்பயரே இல்லாத உலகப் போட்டி

அல்டிமேட்டில் நடுவர் கிடையாது. உள்ளூர் ஆட்டத்தில் மட்டுமில்லை, உலகப் போட்டியிலும் அப்படித்தான். அங்கே ஆலோசகர்கள் இருப்பார்கள், விதியைக் கேட்டால் சொல்வார்கள். தீர்ப்பு சொல்ல மாட்டார்கள்.

ஒருவர் இடித்துவிட்டால், இடிபட்டவரே 'ஃபவுல்' என்று குரல் கொடுக்க வேண்டும். ஆட்டம் அங்கேயே நிற்கும். இடித்தவர் 'ஆமாம்' என்றால் ஒரு முடிவு. 'இல்லை, நான் இடிக்கவில்லை' என்றால், இருவரும் பேசுவார்கள். ஒத்துப்போகவில்லையா? தட்டு கடைசியாக வீசியவரிடமே திரும்பப் போகும், ஆட்டம் தொடரும். நம் ஊர்த் தெருவில் கிட்டிப்புள்ளும் கோலியும் இப்படித்தானே ஆடினோம்? 'போங்கு ஆடாதே' என்று கத்தி, சண்டை போட்டு, கடைசியில் நாமே ஒரு முடிவுக்கு வந்து மறுபடி ஆடுவோம். அதே தெரு நியாயத்தைத்தான் இங்கே விதிப் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் கலந்து, தோளில் கை போட்டு வட்டமாக நிற்பார்கள். எங்கே நன்றாக ஆடினீர்கள், எங்கே கொஞ்சம் முரட்டுத்தனம் தெரிந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். பிறகு எதிரணிக்கு மார்க் போட வேண்டும். விதி தெரிந்திருந்ததா, உடம்பில் மோதாமல் ஆடினார்களா, நியாயமாக நடந்தார்களா, கோபத்தை அடக்கினார்களா, பேச்சு எப்படி இருந்தது என்று 5 தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 4 வரை, மொத்தம் 20. கோப்பையைத் தூக்கும் அணிக்குப் பரிசு உண்டு. இந்த மார்க்கில் முதலிடம் பிடிக்கும் அணிக்கும் தனிப் பரிசு உண்டு.

இது எப்போதும் இனிப்பாக நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஃபைனலில் 14-14 என்று நிற்கும்போது 'ஆமாம், இடித்தேன்' என்று சொல்ல மனசு வராது. நன்றாகப் பேசத் தெரிந்தவர் வாயாலேயே ஜெயித்துவிடும் ஆபத்தும் உண்டு. குப்பத்துப் பிள்ளை விதியைச் சரியாகச் சொன்னாலும், எதிரில் இருப்பவர் ஆங்கிலத்தில் பொரிந்தால் தயங்கி விட்டுக்கொடுத்துவிடலாம். அதனால்தான் விதியைத் தமிழில் சொல்லிக் கொடுப்பதும், 'ஃபவுல்' என்று நிமிர்ந்து சொல்லப் பழக்குவதும் தட்டு வீசுவதைப் போலவே முக்கியமான பயிற்சி.

இன்னொன்று, பெண்கள். கலப்பு அணியில் 7 பேரில் 4 பேர் ஒரு பாலினம், 3 பேர் மறு பாலினம். பெண்ணை ஓரமாக நிறுத்திவிட்டு ஆண்கள் மட்டும் ஆடினால், 7 பேர் அணி 4 பேராகச் சுருங்கிவிடும், தோல்வி நிச்சயம். பனியன் கம்பெனிகளில் ஆணும் பெண்ணும் ஒரே லைனில் அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து தைக்கிறார்கள். ஒரே ஷிப்ட், ஒரே டீ பிரேக். ஆனால், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மட்டும் பெண்களைப் பார்ப்பது அபூர்வம். அந்த இடைவெளியைக் கேட்காமலே தொடும் விளையாட்டு இது.

பல்லடத்துக் கணக்கு

சரி, ஓர் அணிக்கு என்னென்ன வேண்டும்?

தட்டு ஒன்று. பயிற்சிக்கு இரண்டு மூன்று இருந்தால் நல்லது. வலை, பேட், ஸ்டம்ப், கோல் போஸ்ட் எதுவும் வேண்டாம்.

மைதானத்தின் மூலைகளையும் கட்டங்களையும் காட்ட 8 கூம்புகள். விளையாட்டுக் கடையில் வாங்குவார்கள். நூல் சுற்றிவரும் கோன் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் ஊரில் அதற்கும் காசு கொடுக்க வேண்டுமா? எட்டு காலிக் கோனை மண்ணில் நட்டால் முடிந்தது.

ஜெர்சி இரண்டு நிறத்தில் வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை. திருப்பூரிலிருந்து 2024-25-ல் போன பின்னலாடை ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். கால்பந்து உலகக் கோப்பை வந்தால் வெளிநாட்டு ரசிகர்கள் போடும் டி-ஷர்ட் ஆர்டர்கள் இங்கே வரும். உலகம் ஆடப் போட்டுக்கொள்ளும் உடுப்பைத் தைக்கும் ஊரில், கல்லூரி அணிக்கு ஜெர்சி என்பது பெரிய செலவாக இருக்கக் கூடாது. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் டி-ஷர்ட் வாங்கி நம்பர் பிரின்ட் போட்டாலே போதும். பிரின்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவராவது அணியில் இருப்பார்!

நிலம்? 100-க்கு 37 மீட்டர் என்றால் 3,700 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 91 சென்ட். 5 பேர் ஆடும் சிறிய மைதானம் என்றால் 46 சென்ட் போதும். அறுவடை முடிந்த சோளக்காடோ, கல்லூரி மைதானத்தில் ஒரு பாதியோ, விற்காத சைட்டோ எதுவானாலும் சரி. கல்லும் முள்ளும் மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். விழுந்து பிடிக்கும் ஆட்டமாயிற்றே.

பல்லடத்துக் காற்றைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆடி மாதத்தில் இந்த மண்ணில் 175 கிராம் தட்டை நேராக வீசுவது பெரிய வித்தை. எதிர்க்காற்றில் தட்டு மேலே எழும்பி மிதக்கும். பின்காற்றில் சீக்கிரமே தரை தட்டும். அதற்கும் ஆட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு பாயின்ட்டுக்குப் பிறகும் அணிகள் தாக்கும் திசை மாறும். காற்று இரண்டு பேருக்கும் மாறி மாறி வரும். எதிர்க்காற்றில் எடுக்கும் ஒரு பாயின்ட் அந்த ஆட்டத்தையே திருப்பிவிடும். காற்றில் பழகியவர்களுக்குக் காற்றில்லாத மைதானம் எளிது. கடற்காற்றில் பழகிய சென்னைக்காரர்கள் கற்றதும் இதைத்தான்.

ஒன்றரை ஷிப்டில் எங்கே நேரம்?

பொருளுக்கான செலவு இவ்வளவுதான். அசல் செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் எல்லோருக்கும் தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே. ஆர்டர் அவசரம் என்றால் அதற்கு மேலும் ஓடும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவுமே சரியாக இருக்கும். கல்லூரி முடிந்து பாதி ஷிப்ட் போகும் மாணவர் ஒரு மாலை பயிற்சிக்கு நின்றால், அந்தப் பாதி ஷிப்ட் கூலி போச்சு. வாரத்துக்கு மூன்று மாலை என்றால் வீட்டுச் செலவில் துண்டு விழும். தட்டின் விலையைவிட இதுதான் பெரிது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வி. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். பயிற்சி ஆறு மணிக்கு முடிந்து, கிராமத்துக்குப் போகும் டவுன் பஸ் போய்விட்டால்? சென்னையில் பலர் அதிகாலையில் ஆடுவதற்கு வெயில் ஒரு காரணம், வேலைக்குப் போகும் நேரம் இன்னொரு காரணம். பல்லடத்திலும் காலை ஆறு மணி முதல் ஏழரை வரை என்பதுதான் நடக்கக்கூடிய நேரம்.

வீட்டில் கட்டாயம் ஒரு கேள்வி வரும். "ஏஞ்சாமி, இதுல சர்டிபிகேட் குடுப்பாங்களா?" நியாயமான கேள்விதான். ஒலிம்பிக் கமிட்டி 2015-ல் உலகப் பறக்கும் தட்டு சம்மேளனத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. ஆனால், 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பட்டியலில் இந்த விளையாட்டு இல்லை. வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டா மனதில் இருந்தால், சேரும் முன் கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இல்லாத ஆசையைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தால், ஒரு வருடத்தில் அணி கலைந்துவிடும்.

போட்டிக்குப் போவதும் செலவுதான். சென்னைக்கு 14 பேர் போய்வர ரயில் டிக்கெட், இரண்டு நாள் சாப்பாடு, தங்க இடம், நுழைவுக் கட்டணம். கம்பெனி ஸ்பான்சர் கிடைக்கும் என்று இந்த ஊரில் எளிதாக நினைப்போம். ஆனால், ஆர்டர் குறையும் வருடத்தில் முதலில் நிற்பது இப்படிப்பட்ட செலவுகள்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊர் எப்படித் தவித்தது என்பதை மறந்திருக்க மாட்டோம்.

அதனால் முதல் வருடம் வெளியூர்ப் போட்டி வேண்டாம். பல்லடத்தில் ஒன்று, திருப்பூரில் சிக்கண்ணா கல்லூரியில் ஒன்று, எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரியில் ஒன்று என்று மூன்று கல்லூரிகளில் தலா பத்து பேர் சேர்ந்தால், 15 கிலோமீட்டர் டவுன் பஸ் செலவில் ஒரு போட்டியே நடத்தலாம். நடுவருக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

கல்லூரி நிர்வாகம் செய்யக்கூடிய உதவியும் பெரிதாக ஒன்றுமில்லை. காலை ஒன்றரை மணி நேரம் மைதானத்தின் கதவைத் திறந்துவிட வேண்டும். பயிற்சி முடிந்து வருபவர்களுக்கு முதல் பீரியடில் பத்து நிமிடம் சலுகை, முடிந்தால் ஆளுக்கு ஒரு முட்டை. கோழிக்குப் பெயர்போன ஊரில் முட்டைக்கா பஞ்சம்? கம்பெனி முதலாளிகள் பணமாகத் தர வேண்டியதில்லை. அணியில் இருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள் அரை ஷிப்டைச் சம்பளத்தோடு விட்டுக்கொடுத்தால், அது ஜெர்சி வாங்கித் தருவதைவிடப் பெரிய ஸ்பான்சர்.

ஊரூர் குப்பத்திலும் இப்படித்தான் தொடங்கியது. ஸ்டேடியம் கட்டிய பிறகு யாரும் ஆட வரவில்லை. மணல் இருந்தது, ஒரு தட்டு இருந்தது, பள்ளி விட்டதும் பிள்ளைகள் கூடுவதற்கு ஓர் இடம் இருந்தது, தினமும் வந்து சொல்லிக்கொடுக்க இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். பல்லடத்தில் மணல் இல்லை, செம்மண் இருக்கிறது. கோன் இருக்கிறது. காற்று தேவைக்கு மேலேயே இருக்கிறது. தினமும் காலை ஆறு மணிக்குத் தட்டோடு வந்து நிற்க ஓர் ஆசிரியரோ, ஒரு மாணவியோ கிடைத்துவிட்டால், மீதி 13 பேரைச் சேர்ப்பது கஷ்டமாக இருக்காது.